கொசுவை அடிப்பதை விட டிரம்மைத் தேய்ப்பது மேல்

சாயங்காலம் ஆனால் கொசு பேட்டும் கையுமாக உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். படபடவென்று பொரிகிற சத்தத்தில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பேட்டால் எங்கள் வீட்டில் கொசு குறைந்ததாக நினைவில்லை.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரமாகக் காலி செய்யாத டிரம்மிலோ தொட்டியிலோ ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நூல் துண்டு மாதிரி எதாவது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தால், டம்ளரை ஒரு தட்டுத் தட்டுங்கள், நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் மூச்சுவிட மறுபடி மேலே வரும். அதுதான் கொசுப்புழு, வால் பக்கம் இருக்கிற குழாய் வழியாகத்தான் அதற்கு மூச்சு. கூடவே காற்புள்ளி போல வளைந்து, எதையும் தின்னாமல் சும்மா மிதக்கிறவை இருந்தால் அவை கூட்டுப்புழு. இரண்டு மூன்று நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். முட்டையிலிருந்து கொசுவாக நம் ஊர் வெயிலுக்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ‘வாரம் ஒருமுறை தண்ணீரைக் காலி செய்யுங்கள்’ என்று சொல்வது இந்தக் கணக்கில்தான்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிவைக்கிறது. ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை, ஒவ்வொன்றும் மிளகாய் விதையை விடப் பொடிசு, கறுப்பு. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிந்துவிடும். அதனால் காலி செய்த கையோடு தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து உள்சுவரைப் பரபரவென்று தேய்க்க வேண்டும். நான் பல வருடம் இதைச் செய்யாமல் வெறுமனே கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கே தேடுவது? எந்த நேரத்தில் கடிக்கிறது என்று பாருங்கள். பகலில், அதிலும் காலையிலும் சாயங்காலத்துக்கு முன்னும் சத்தமில்லாமல் கணுக்காலில் கடித்தால், காலில் வெள்ளை வரி இருந்தால் அது ஏடிஸ். அது அதிக தூரம் பறக்காது, பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் பிறந்திருக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு (இதை யாரும் பார்ப்பதே இல்லை), பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பழைய டயர், கொட்டாங்குச்சி, கொல்லையில் போட்ட ஆட்டுக்கல்லின் குழி, எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் காலடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணம், சன்ஷேடில் தேங்கிய மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் பாருங்கள்.

ராத்திரியில் காதோரம் ரீங்காரம் போட்டுத் தூக்கத்தைக் கெடுத்தால் அது அநேகமாக க்யூலெக்ஸ் என்ற கொசு. யானைக்கால் நோய் பரப்புவது இந்த வகைதான், அதற்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் போதும். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டுங்கள், மூடியில் விரிசல் இருந்தால் சிமெண்ட் பூசுங்கள். ஐம்பது ரூபாய்கூட ஆகாத வேலை, ஆனால் எங்கள் தெருவில் பாதிக் குழாய்கள் இன்னும் திறந்துதான் கிடக்கின்றன.

மாடி டேங்க், கிணறு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு நல்ல தண்ணீரில்தான் வளரும். டேங்க் மூடி இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும், வழிந்தோடும் குழாய்க்கும் வலை வேண்டும். புழங்காத கிணற்றிலும் அலங்காரத் தொட்டியிலும் கப்பி மீன் விடலாம், புழுவைத் தின்றுவிடும்.

புகை மருந்து அடிக்கிற வண்டி வந்தால் பறக்கிற கொசு கொஞ்சம் சாகும், தண்ணீருக்குள் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கொசுவர்த்தியை மூடிய அறையில் கொளுத்தினால் நமக்கும் சேர்த்துத்தான் மூச்சு முட்டும். அதற்குப் பதில் ஃபேனை வேகமாக வையுங்கள், காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியாது. குழந்தைகள் பகலில் தூங்கும்போதும் வலை கட்டுங்கள்.

புழு இருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அங்கேயும் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த மண்ணில், நல்ல வெயிலில் ஊற்றுங்கள். அப்புறம், பத்து நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் பூட்டுவதற்கு முன் கக்கூஸ் மூடியைச் சாத்திவிட்டு, வாளிகளைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள்.