வீடு தேடிச் செல்லும் தாதி கற்பிப்பது எப்படி: திருகோணமலைக் களத்திலிருந்து ஒரு வழிகாட்டி

நோயாளர் விடுதியில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டுச் சமுதாய சுகாதாரப் பணிக்கு வரும் தாதிய உத்தியோகத்தர் எவருக்கும் முதல் மாதம் தடுமாற்றமாகவே இருக்கும். விடுதியில் நோயாளி நம் இடத்துக்கு வந்திருக்கிறார். மருந்தை நேரம் பார்த்து நாமே கொடுக்கிறோம். மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்போது நாம்தான் விருந்தாளி. அங்கே மருந்தை எடுத்துக் கொடுப்பவர் மருமகள். கறிக்கு உப்பின் அளவைத் தீர்மானிப்பவர் மாமியார். கிளினிக் திகதியை நினைவில் வைத்திருப்பவர் பாடசாலைக்குப் போகும் பேரப்பிள்ளை. நாம் இருப்பது அரை மணி நேரம். மாதத்தின் மீதி நேரம் முழுவதும் பராமரிப்பைச் செய்பவர்கள் அவர்களே என்பதால், களத்தில் நமது வேலையின் பெரும்பகுதி கற்பித்தலாகவே அமைந்துவிடுகிறது. 1978 ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனமும் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பின் கூறுகளை வரிசைப்படுத்தும்போது, தடுப்பூசிக்கும் மருந்துக்கும் முன்னால், மக்களிடையே நிலவும் நோய்களைப் பற்றிய கல்வியையே முதலில் வைத்தது.

எவர் எதைச் செய்கிறார்

இலங்கையில் 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து வளர்ந்துவந்த அமைப்பே இன்று நம் மாவட்டத்திலும் இயங்குகிறது. சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில், வீடு வீடாகச் செல்பவர் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் பலரும் இன்னும் ‘மிட்வைஃப் மிஸ்ஸி’ என்றே அழைப்பார்கள். அவர்களுக்கு வழிகாட்டி, கிளினிக்குகளை ஒழுங்குசெய்து, பதிவுகளைச் சரிபார்ப்பவர் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி. தொற்றுநோய் விசாரணை, உணவகம், கழிப்பறை, நுளம்பு ஆகியவை பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பொறுப்பு. தொற்றா நோயாளர்களின் தொடர் பராமரிப்புக்காக ஆரம்பப் பராமரிப்பு வைத்தியசாலைகளோடு இணைந்து பணியாற்றும் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர்களும் இப்போது உள்ளனர். பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும், பராமரிப்பவர், கற்பிப்பவர், ஆலோசகர், நோயாளிக்காகப் பேசுபவர், பல சேவைகளை ஒன்றிணைப்பவர், பதிவு வைப்பவர் என்ற பாத்திரங்களை ஒரே ஆள் ஒரே காலைப்பொழுதில் மாறி மாறி ஏற்க வேண்டியிருக்கும். இவற்றுள் மற்ற எல்லாவற்றையும் தாங்குவது கற்பித்தல்தான் என்பதால், இக்கட்டுரை அதைப் பற்றியே பேசுகிறது.

வாயைத் திறக்கும் முன்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, பாடத்தைத் தயாரித்துக்கொண்டு போவது. போனவுடன் பேசத் தொடங்காமல், அந்த வீட்டில் ஏற்கெனவே என்ன நடக்கிறது என்று பாருங்கள். கர்ப்பிணித் தாயிடம் “குளிசை போடுகிறீர்களா?” என்று கேட்டால் “ஓம் மிஸ்ஸி” என்ற பதில்தான் வரும். “குளிசைகளை ஒருக்கால் கொண்டுவாருங்கள் பார்ப்போம்” என்று சொன்னால் உண்மை வெளியே வரும். நான் பார்த்த ஒரு வீட்டில், பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு மாதத்து இரும்புச்சத்துக் குளிசைகள் கவர் பிரிக்கப்படாமல் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு அலட்சியம் இல்லை. குளிசை போட்ட முதல் நாள் வயிற்றைப் பிரட்டியது, மறுநாள் மலம் கறுத்திருந்தது, இரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டார். கறுப்பது இயல்பு என்ற ஒரே வாக்கியத்தை கிளினிக்கில் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். அந்த ‘யாராவது’ நானாக இருந்திருக்க வேண்டும்.

அவருக்கு அன்று நான் சொன்னவை மூன்று. இரும்புச்சத்துக் குளிசையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப்போகும் நேரத்தில் போடுவது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் குடிக்காமல் இருப்பது. கல்சியம் குளிசையை அதோடு சேர்க்காமல் காலையில் போடுவது. தேசிக்காய்த் தண்ணீரோ கொய்யாப்பழமோ உடன் இருந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும் என்பதைச் சொல்ல நினைத்தேன். ஆனால் நான்காவது விடயத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டேன். ஒரு சந்திப்பில் மூன்றுக்கு மேல் சொன்னால், கேட்பவர் மனதில் ஒன்றும் நிற்காது என்பது என் அனுபவம்.

“விளங்கினதா?” என்று கேட்காதீர்கள்

இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டாலே உங்கள் கற்பித்தல் பாதி திருந்திவிடும். அதற்கு நம் ஊரில் ‘ஓம்’ தவிர வேறு பதில் மரியாதையாகாது. அதற்குப் பதிலாக, “வீட்டுக்குப் போனதும் மாமி கேட்பா, மிஸ்ஸி என்ன சொன்னவ என்று. என்ன சொல்லுவீங்கள்?” என்று கேளுங்கள். அவர் தன் சொற்களில் திருப்பிச் சொல்லும்போது எங்கே பிழை என்று தெரிந்துவிடும். பிழை இருந்தால் அது நாம் சொன்ன விதத்தின் பிழை என்று எடுத்துக்கொண்டு, வேறு சொற்களில் மீண்டும் சொல்ல வேண்டும். கையால் செய்யும் காரியமாக இருந்தால் சொல்லிக்காட்டுவதோடு நிற்காமல், நாம் ஒருமுறை செய்துகாட்டி, அவர்களை ஒருமுறை செய்யவைத்து, அடுத்த வருகையில் கேட்காமலே செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையால்தான். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் தொடங்கப்பட்ட முதியவர் ஒருவருக்கு, தோடம்பழத்தில் ஊசி போட்டுப் பழக்கி, இடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, மருந்தைக் ‘குளிரான இடத்தில்’ வைக்கச் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது சீனி இறங்கவே இல்லை. ஊசி போடும் முறை பிசகவில்லை. அவருடைய வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அயல்வீட்டுப் பிரிட்ஜில், நான் சொன்னபடியே மிகக் குளிரான இடமான ஐஸ் பெட்டிக்குள் மருந்துப் போத்தலை வைத்திருந்தார். உறைந்த இன்சுலின் பயன்படாது. உருகிய பிறகும் அதைப் பாவிக்கக் கூடாது. திறக்காத போத்தலை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில், அதாவது பிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கலாம். திறந்த போத்தல் வெயில் படாத, சூடேறாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் ஒரு சிறு சட்டியை வைத்து, அதில் மருந்தைப் போத்தல் நனையாதபடி மூடி வைக்கும் முறை நம் வெயிலுக்கு நன்றாகவே பொருந்தும். இப்போது நான் ‘குளிரான இடம்’ என்று சொல்வதில்லை. அந்த வீட்டில் அந்த இடத்தைத் தேடி, விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வருகிறேன்.

பாதப் பராமரிப்பையும் இதே விதமாகவே கற்பிக்க வேண்டும். கரைவலை இழுப்பவர்கள் சுடுமணலில் வெறுங்காலோடு நிற்பவர்கள். கோணேசர் கோயிலுக்கு நேர்த்திக்காக வெறுங்காலோடு நடப்பவர்களும் உண்டு. சீனி வருத்தத்தால் உணர்ச்சி மரத்த காலுக்குச் சூடு தெரியாது. ஒவ்வொரு இரவும் பாதத்தை விளக்கின் கீழ் பார்க்கவும், குனிய முடியாதவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லவும் பழக்குங்கள்.

பிள்ளை பிறந்த வீடு

கற்பித்தலுக்கு மிகவும் வளமான இடமும், வாய்தவறினால் கதவு மூடிக்கொள்ளும் இடமும் இதுவே. பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு முறையும், அதன் பின் நான்கு வாரங்களுக்குள் ஒரு முறையும், ஆறாம் வாரமளவில் ஒரு முறையும் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்குச் செல்கிறார். அங்கே தாயைவிட அம்மம்மாவுக்கே குரல் அதிகம். சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறி, பால் ஊற வேண்டும் என்று கொடுக்கும் சுறாப்புட்டு, 31 ஆம் நாள் துடக்குக் கழிவு, முஸ்லிம் வீடுகளில் நாற்பது நாள் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒழுங்கு இருக்கிறது. அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. சுறாப்புட்டு புரதச்சத்து நிறைந்தது, வாயாரப் பாராட்டுங்கள். சரக்குத்தூள் யாருக்கும் கேடில்லை, பேசாமல் விடுங்கள். தண்ணீரைக் குறைத்துக் குடிக்கவைப்பதும், மரக்கறியையும் பழத்தையும் ‘குளிர்’ என்று ஒதுக்குவதும், குழந்தையின் நாக்கில் தேன் தடவுவதும் மாற்றப்பட வேண்டியவை. தேனில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடுமையான நோயை உண்டாக்கலாம் என்பதால், அதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாராட்டை முதலில் கேட்ட அம்மம்மா, மறுப்பையும் கேட்பார்.

தாய்க்கு அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடும் தலையிடி, கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல்; குழந்தைக்குப் பால் குடிக்காமை, நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் ஆகியவை கண்டவுடன் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமானது என்பதை வீட்டிலுள்ள ஆண்களுக்கும் சொல்லுங்கள். இரவில் தொலைபேசி பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கொடுக்கப்படும் சத்துமாவான திரிபோஷாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவருக்கு மாதம் 750 கிராம் பைகள் இரண்டு என்ற கணக்கில், ஒரு நாளைக்கு 50 கிராம் வருகிறது. கிராம் என்று சொன்னால் யாருக்கும் பிடிபடாது. அந்த வீட்டுக் கோப்பையிலேயே அளந்து, எதுவரை என்று காட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கிடப்படுவது உங்களுக்குத் தெரிந்ததே. கோபப்பட்டுப் பயனில்லை, பசி இருக்கும் வீட்டில் தாய் மட்டும் தனியே சாப்பிடமாட்டாள். அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய கொடுப்பனவு பற்றி கிராம உத்தியோகத்தரிடம் பேசுவதும் நமது பணிக்குள் அடங்கும்.

தடுப்பூசி நாளும் காய்ச்சல் காலமும்

தடுப்பூசிக் கிளினிக்கில் கூட்டம் அதிகம், நேரம் குறைவு. ஊசி போட்ட பின் 20 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறோம் அல்லவா, அதுவே கிடைக்கும் வகுப்பு நேரம். 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம், குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் எவ்வளவு, அடுத்த திகதி எது என்பவற்றைச் சொல்லுங்கள். வளர்ச்சி வரைபடத்தைக் காட்டும்போது, புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதைவிடக் கோடு எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கத் தாயைப் பழக்குங்கள். கோடு படுத்துக்கொண்டால், நிறம் நன்றாக இருந்தாலும், அந்த மாதம் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது.

டெங்குவைப் பொறுத்தவரை, 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை இம்மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவைப் பார்ப்பார். நாம் கற்பிக்க வேண்டியவை இரண்டு: தொட்டியைக் கழுவுவதும், காய்ச்சலைக் கவனிப்பதும். சீமெந்துத் தொட்டியை வாரம் ஒருமுறை வெறுமையாக்கினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சல் விட்ட நாளே ஆபத்தான நாளாக இருக்கலாம் என்பதை, “காய்ச்சல் விட்டது, பிள்ளை சுகம்” என்று நினைக்கும் தாய்மாருக்கு ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

நோன்பு, மொழி, இரகசியம்

கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் சீனி வருத்தம் உள்ளவர்களோடு றமழானைப் பற்றி, பிறை கண்ட பிறகு பேசிப் பயனில்லை. ஆறு அல்லது எட்டு வாரம் முன்பே கிளினிக்குக்கு வரச்சொல்லி, மருந்தின் நேரத்தை வைத்தியர் மாற்றி எழுத வழிசெய்யுங்கள். இரத்தச் சீனி 70 மி.கி./டெ.லி. க்குக் கீழே போனால் நோன்பைத் திறக்க வேண்டும் என்பதை நாம் சொல்வதைவிட, ஊர் மௌலவி ஒருவர் சொன்னால் உடனே ஏற்கப்படும். அவரை முன்கூட்டியே சந்தித்துப் பேசுவது தாதியின் வேலைதான்.

35 வயதான பெண்களை நலமகளிர் கிளினிக்குக்கு அழைப்பதிலும் சொல் முக்கியம். கருப்பைக் கழுத்துப் பரிசோதனை என்று வாசலில் நின்று, ஆண்கள் காதில் விழச் சொன்னால் எவரும் வரமாட்டார். தனியே அழைத்து, பரிசோதிப்பவர் பெண்தான், திரைச்சீலை உண்டு, சில நிமிடங்களில் முடியும் என்று சொல்லுங்கள். கந்தளாய், கோமரன்கடவல போன்ற சிங்களம் பேசும் ஊர்களில் அரைகுறைச் சிங்களத்தில் சமாளிக்காமல் அந்த மொழி தெரிந்த சக உத்தியோகத்தரை அழைத்துச் செல்லுங்கள்; பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்கித் தாயின் உடல்நலம் பற்றிப் பேசுவது முறையல்ல. அடி உதை பற்றிய குறிப்புத் தெரிந்தால், கணவர் இல்லாத நேரத்தில் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை வாய்மொழியாகச் சொல்லுங்கள், தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

புறப்படும் முன்

செய்ததை எழுதாத வருகை, அடுத்து வரும் உத்தியோகத்தருக்கு நடக்காத வருகை. ஆனால் ‘சுகாதாரக் கல்வி வழங்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. என் கொப்பியில் இப்படி எழுதுவேன்: “குளிசை இரவு போடுகிறார், சரியாகத் திருப்பிச் சொன்னார். தேநீர் இடைவெளி இன்னும் பிடிபடவில்லை. மாமி வீட்டில் இல்லை. அடுத்த வருகை மாமி இருக்கும் செவ்வாய் பின்னேரம். தேசிக்காய் பற்றிச் சொல்ல வேண்டும்.”