டில்லர் பைலட் மக்கர் செய்கிறதா? பெட்டியைத் திறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கும் ஆனி மாதக் காலை. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தைத் தாண்டி வெளியே போய், கடலூரைப் பார்த்துத் தெற்கே படகைத் திருப்பி, சுக்கானைத் தானாகவே பிடிக்கும் டில்லர் பைலட்டை மாட்டி ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினேன். டீ ஊற்ற ஃபிளாஸ்கைத் திறந்ததுதான் தாமதம், ‘பீப்’ என்று ஒரு சத்தம். திரை அணைந்து மறுபடி எரிந்தது. படகு தன் பாட்டுக்கு வலப்பக்கம், அதாவது கரைப்பக்கம், மூக்கைத் திருப்பிக் காற்றுக்குள் ஏறி நின்றது. பாய் படபடவென்று அடித்தது. டீ பாதி என் மடியில்.

கருவி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அன்று மாலையே திருப்புளியோடு உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. திரும்ப மூடும்போது சீல் சரியாக உட்காராமல், அடுத்த மாதம் உப்புத் தண்ணீர் உள்ளே போனதுதான் மிச்சம். உண்மையான கோளாறு பிளக்கில் இருந்தது. அதனால் இந்த விளக்கத்தில் பெட்டியைத் திறப்பது கடைசிப் படி. அதற்கு முன்னே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

முதன்முறை பார்ப்பவர்களுக்கு: டில்லர் என்பது சுக்கானைத் திருப்பும் நீளமான கைப்பிடி. டில்லர் பைலட் அந்தக் கைப்பிடியைத் தள்ளி இழுக்கும் ஒரு குழாய் மாதிரிக் கருவி. உள்ளே மின்காந்தத் திசைகாட்டி, குட்டிக் கணினி, மோட்டார், மோட்டார் சுழற்சியை முன்பின் நகர்வாக மாற்றும் திருகுத்தண்டு ஆகிய நான்கும் இருக்கும். ஓடுவது 12 வோல்ட்டில். அவ்வளவுதான்.

இன்னொன்று. பைலட் ஓட்டும்போது நீங்கள் தவறி விழுந்தால் படகு உங்களுக்காக நிற்காது. நேராகப் போய்க்கொண்டே இருக்கும். தனியாகச் சோதனை செய்வதென்றால் லைஃப் ஜாக்கெட்டும், படகோடு பிணைத்த இடுப்புக் கயிறும் கட்டாயம். கரையோர அலை உடையும் இடத்தில் சோதனையே வேண்டாம்.

படி 1: என்ன செய்கிறது என்று எழுதுங்கள்

‘வேலை செய்யவில்லை’ என்பது நோயின் பெயர் இல்லை. திரையே எரியவில்லையா? எரிந்து, மோட்டார் ஓடத் தொடங்கியதும் அணைகிறதா? மோட்டார் உறுமுகிறது, தண்டு நகரவில்லையா? ஒரு பக்கம் மட்டும் நகர்கிறதா? ‘ஆட்டோ’ அழுத்தியதும் தண்டு ஒரேயடியாக ஒரு பக்கம் ஓடி முட்டி நிற்கிறதா? பாம்பு போல வளைந்து வளைந்து போகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. என் படகில் நடந்தது இரண்டாவது வகை.

படி 2: மின்சாரம். இங்கேதான் நேரம் செலவிடுங்கள்

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய சாதாரண மீட்டர்தான் என்னிடம் இருப்பது. இந்த வேலைக்கு அது போதும்.

முதலில் பேட்டரி. சார்ஜர், சோலார் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நிறைந்த ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்றதும் பலர் அடுத்த படிக்குத் தாவிவிடுவார்கள். நானும் தாவினேன். பைலட்டின் சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன், 12.5 காட்டியது, ‘கரண்ட் வருகிறது’ என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். தப்பு அதுதான். சும்மா இருக்கும்போது கரண்ட் ஏறக்குறைய ஓடுவதே இல்லை, அதனால் எவ்வளவு மோசமான இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். மோட்டார் இழுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சாக்கெட்டின் பின்பக்கம் வயர் சேரும் திருகுகளில் மீட்டர் முனைகளை வையுங்கள். கூட இருப்பவர் பைலட்டின் பொத்தானை அழுத்தித் தண்டை ஓடவிட்டு, தண்டு முனையை உள்ளங்கையால் லேசாக எதிர்த்துத் தள்ளட்டும். இப்போது மீட்டர் 12-ஐ ஒட்டி நின்றால் நல்லது. 11.5-க்குக் கீழே இறங்கினால் வயரையும் இணைப்புகளையும் சந்தேகியுங்கள். 10-ஐ நெருங்கினால் பல கருவிகள் தாமாகவே அணைந்து எரியும். என் டீ கொட்டிய கதை இதுதான்.

இழப்பு எங்கே என்று பிடிப்பது இன்னும் சுவாரசியமான வேலை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும், இன்னொன்றைச் சாக்கெட்டின் பிளஸ் திருகிலும் வையுங்கள். (மீட்டர் வயர் எட்டாது, ஒரு நீள வயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.) மோட்டார் ஓடும்போது அது காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். 0.3-க்குள் இருந்தால் விட்டுவிடலாம். மைனஸ் பக்கமும் அதேபோலப் பாருங்கள். கூடுதலாக இருக்கும் பக்கத்தில் ஃபியூஸ், சுவிட்ச், ஒவ்வொரு இணைப்பு என்று முனையை நகர்த்திக்கொண்டே வந்தால், எண் திடீரென்று குறையும் இடம் வரும். அங்கேதான் திருடன் இருக்கிறான்.

பெரும்பாலும் அந்தத் திருடன் பச்சை நிறத்தில் இருப்பான். செம்பில் களிம்பு ஏறும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாததா? உப்புக்காற்றில் அது இன்னும் வேகமாக ஏறும். பிளக் பின்களைக் காண்டாக்ட் கிளீனரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். வேண்டாம், இடுக்கில் தங்கும் புளிப்பே மறுபடி அரிக்கும். வயரின் தோலுக்குள் செம்பு கறுத்துப்போயிருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி எறியுங்கள். நான் ஒரு சாண் நீளம் வெட்ட வேண்டியிருந்தது.

வயரின் பருமனையும் பாருங்கள். பேட்டரியிலிருந்து பைலட் 6 மீட்டர் தூரம் என்றால், போக வர 12 மீட்டர் செம்பு. மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால் 1 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரில் சுமார் 0.6 வோல்ட் தொலையும். 2.5 ஸ்கொயரில் 0.25 தான். புதிதாகப் போடுவதென்றால் ஈயம் பூசிய கம்பிகள் உள்ள வயர் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் அதே தந்திரம்தான். கிடைக்காவிட்டால் சாதாரண ஃபிளெக்சிபிள் வயர் போட்டு, முனைகளில் உலோகக் கொண்டியை அழுத்திக் கிரிம்ப் செய்து, சூடாக்கினால் சுருங்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை மாட்டுங்கள்.

திரையே எரியவில்லை என்றால் ஃபியூஸ், அப்புறம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்பது. இரண்டும் ஐந்து நிமிட வேலை.

படி 3: கரையில் வைத்து ஒரு சோதனை

மின்சாரம் சரி. இப்போது பைலட்டைக் கழற்றி, ஒரு பேட்டரியோடு திறந்த மணல்வெளிக்குப் போங்கள். மொட்டை மாடி வேண்டாம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பும்.

கருவியை மட்டமாகப் பிடித்து ‘ஆட்டோ’ அழுத்துங்கள். அப்படியே உடம்போடு மெதுவாக வலப்பக்கம் 20 பாகை திரும்புங்கள். தண்டு நகர வேண்டும். பைலட் படகின் வலப்பக்கம் பொருத்தும்படி அமைக்கப்பட்டிருந்தால், படகு வலப்பக்கம் விலகும்போது தண்டு உள்ளே இழுக்க வேண்டும். டில்லர் வலப்பக்கம் வந்தால்தான் மூக்கு இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் பொருத்துவதென்றால் நேர்மாறாக, தண்டு வெளியே தள்ள வேண்டும்.

இது தலைகீழாக இருந்தால், படகில் ‘ஆட்டோ’ அழுத்தியதும் தண்டு ஒரேயடியாக ஓடி முட்டுவதன் காரணம் அதுவே. கருவியில் கோளாறு இல்லை. எந்தப் பக்கம் பொருத்தியிருக்கிறது என்பதை அமைப்பில் மாற்றும் வழி கையேட்டில் இருக்கும். பழைய பைலட் வாங்குபவர்கள் முதலில் மாட்டுவது இதில்தான்.

படி 4: பக்கத்தில் என்ன இரும்பு இருக்கிறது?

படகில், படகைக் கட்டிவைத்த நிலையில், பைலட் காட்டும் திசையைப் பார்த்துக்கொண்டே சுற்றியுள்ள பொருட்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எண் மாறினால் குற்றவாளி அதுதான். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, கைபேசியிலும் வாக்கிடாக்கியிலும்கூட. இரும்பு நங்கூரத்தை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு மறப்பது சகஜம். எவர்சில்வர் டிபன் கேரியரில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், சில ஒட்டும். இவற்றையெல்லாம் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

நம் ஊர்க் கடலில் ஒரு சலுகை உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைப் பக்கம் போகிறது. 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததே அதற்காகத்தான். அதனால் புவிக்காந்தம் இங்கே ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கிறது. படகு சாயும்போது திசைகாட்டியில் வரும் பிழை வட நாடுகளில் இருப்பதைவிடக் குறைவு. ஆகவே ‘சாய்ந்ததும் திசை தாறுமாறாகிறது’ என்றால் உருண்டு வந்த ஏதாவது இரும்பைத் தேடுங்கள்.

படி 5: பொருத்திய இடம்

ரேமரீன் நிறுவனத்தின் எஸ்டி1000, எஸ்டி2000 வகைப் பைலட்டுகளில் சுக்கான் அச்சிலிருந்து டில்லரில் தண்டு மாட்டும் முளைவரை 460 மி.மீ., டில்லரின் நடுக்கோட்டிலிருந்து பைலட்டின் மறுமுனை உட்காரும் பக்கவாட்டுக் குழிவரை 589 மி.மீ. என்பது கணக்கு. மற்றவற்றுக்கு அவற்றின் கையேடு. டில்லர் நடுவில் இருக்கும்போது பைலட் அதற்குச் செங்குத்தாகவும் மட்டமாகவும் நிற்க வேண்டும். முளை ஆடினால் அந்த ஆட்டம் முழுவதும் படகின் பாதையில் தெரியும். எபாக்சி வைத்து இறுக்குங்கள்.

படி 6: படகையும் கேட்டுப் பாருங்கள்

பைலட்டைக் கழற்றிவிட்டு டில்லரை இரண்டு விரலால் பிடித்து ஓட்டுங்கள். முடியவில்லை, முழங்கையால் இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் பாரத்தைத்தான் பாவம் அந்தக் குட்டி மோட்டாரும் இழுத்துக்கொண்டிருந்தது. பெரிய பாயைத் தளர்த்துங்கள் அல்லது சுருக்குங்கள். அரியாங்குப்பம் ஆற்றில் மாதக்கணக்கில் கட்டிக்கிடக்கும் படகென்றால் சுக்கானில் கொட்டலசு (சிப்பி மாதிரி ஒட்டும் கடல் உயிர்) ஒட்டியிருக்கும், சுக்கான் அச்சு சுழலும் புஷ் இறுகியிருக்கும். பாய் இறக்கிய நிலையில் ஒரு விரலால் டில்லர் அசைய வேண்டும்.

சமநிலை சரியான பிறகும் பாம்பு போலப் போனால் ‘கெய்ன்’ அளவை, அதாவது படகு விலகினால் சுக்கானை எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற அமைப்பை, பாருங்கள். 40 பாகை திருப்பச் சொல்லிப் பாருங்கள். குறியைத் தாண்டி 5 பாகைக்கு மேல் போய்த் திரும்பி வந்தால் கெய்னைக் குறையுங்கள். சோம்பலாகத் திரும்பி, குறிக்கு வரவே நேரமெடுத்தால் கூட்டுங்கள்.

படி 7: சரி, இப்போது திறக்கலாம்

மேலே எல்லாம் சரியாக இருந்து, மோட்டார் உறுமியும் தண்டு நகரவில்லை என்றால் உள்ளே உள்ள பல் பெல்ட் தேய்ந்தோ அறுந்தோ இருக்கலாம். பெல்ட் மாற்றுவது கைவேலை தெரிந்தவருக்குச் சுலபம். ஒரு பக்கம் மட்டும் நகர்கிறது என்றால் பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டாரை ஓட்டும் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். இரண்டாவது என்றால் நல்ல கைபேசி ரிப்பேர்க்காரரிடம் பலகையைக் கொடுங்கள்.

வெள்ளை உப்பு படிந்திருந்தால், பேட்டரியைக் கழற்றிய பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம். மாவுத்தூள் சேர்வதைத் தவிரப் பயன் இல்லை. மூடும்போது ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். நான் ஒரு மூலையை முதலில் முழுக்க முறுக்கிவிட்டேன். தண்ணீர் வந்தது எதிர் மூலை வழியாக.

பைலட் கடைக்குப் போயிருக்கும் நாட்களில் டில்லரின் ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் பைக் கேரியரில் மூட்டை கட்டும் எலாஸ்டிக் கயிறு என்று கட்டி ஓட்டுகிறேன். காற்று நிலையாக இருந்தால் டீ ஒரு கப் குடிக்கும் நேரம் தாங்குகிறது.