இளம் விண்மீன் குழுக்களின் வயதைக் கணிக்கும் முறை

தனித்த ஒரு விண்மீனின் வயதைத் துல்லியமாகச் சொல்வது மிகக் கடினம். ஆனால் ஒரே மேகத்தில் பிறந்து இன்றும் ஏறக்குறைய ஒரே திசைவேகத்தில் செல்லும் விண்மீன்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தால் அவற்றின் பொது வயது பிடிபடும். ஆகவே முதலில் உறுப்பினர் பட்டியலைச் சலித்தெடுக்க வேண்டும். கயா விண்கலம் அளந்த இடமாறு தோற்றத்தையும் (தொலைவைத் தருவது) தன்னியக்கத்தையும் (வானில் குறுக்காக நகரும் வேகம்), நிறமாலை தரும் ஆரத்திசைவேகத்தோடு (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்) இணைத்துப் பார்த்து, தற்செயலாக உடன் செல்லும் முதிய விண்மீன்களை நீக்கிவிடுங்கள்.

அடுத்து, விண்மீன்களின் நிறத்துக்கு எதிராக ஒளிர்வைக் குறிக்கும் நிற-ஒளிர்வு வரைபடம். நிறை குறைந்த இளம் விண்மீன்கள் இன்னும் சுருங்கிக்கொண்டிருப்பதால் முதன்மை வரிசைக்கு (ஹைட்ரஜனை எரிக்கும் முதிர்ந்த விண்மீன்கள் அமையும் பட்டைக்கு) மேலே நிற்கும். அவற்றைக் கோட்பாட்டுச் சமவயதுக் கோடுகளோடு (ஒரே வயதுள்ள விண்மீன்கள் வரைபடத்தில் எங்கே அமையும் என்று காட்டும் கோடுகள்) ஒப்பிட வேண்டும். பிரித்தறியப்படாத இரட்டை விண்மீன் 0.75 ஒளியளவு (வானியலில் பிரகாசத்தின் அலகு) வரை கூடுதலாக ஒளிர்ந்து, உள்ளதைவிட இளமையாகத் தோன்றும். அத்தகையவற்றை முன்னதாகவே ஒதுக்குவது நல்லது.

நான் மிகவும் நம்புவது லித்தியம் எல்லையை. உள்வெப்பநிலை ஏறத்தாழ 25 லட்சம் கெல்வினை எட்டும்போது லித்தியம் எரிந்து அழிகிறது. நிறை குறையக் குறைய இந்த வெப்பத்தை எட்ட அதிக காலம் ஆகும் என்பதால், செங்குறுமீன்களை (நிறை குறைந்த சிவப்பு விண்மீன்களை) ஒளிர்வின்படி வரிசைப்படுத்தி, நிறமாலையில் லித்தியத்தின் 670.8 நானோமீட்டர் கோட்டைத் தேடினால், குறிப்பிட்ட ஓர் ஒளிர்வுக்குக் கீழே லித்தியம் திடீரென மீண்டும் தென்படும். அந்த எல்லை எவ்வளவு மங்கலான இடத்தில் விழுகிறதோ, குழு அவ்வளவு முதியது. இம்முறை ஏறத்தாழ 2 கோடி முதல் 20 கோடி ஆண்டு வரையிலான குழுக்களுக்கே ஏற்றது.

விண்மீன்கள் வந்த பாதைகளைப் பின்னோக்கிக் கணித்து, குழு மிக நெருங்கியிருந்த காலத்தைக் காண்பது இன்னொரு வழி. இதற்குக் கடுந்துல்லியம் தேவை: திசைவேகத்தில் விநாடிக்கு 1 கிலோமீட்டர் பிழை, 2 கோடி ஆண்டுகளில் சுமார் 65 ஒளியாண்டுப் பிழையாக வளர்ந்துவிடும்.

முடிவுகள் வேறுபட்டால் உடனே சராசரி எடுத்துவிடாதீர்கள். பீட்டா பிக்டோரிஸ் என்ற இளம் விண்மீன் குழுவுக்கு 2001இல் 1.2 கோடி ஆண்டு என்று கணித்தார்கள். பின்னர் லித்தியமும் சமவயதுக் கோடுகளும் 2.1 முதல் 2.4 கோடி ஆண்டுகளைக் காட்டின. 2020இல் பாதைக் கணிப்பு தந்ததோ 1.85 கோடி. பிறந்த மேகத்தின் ஈர்ப்பு சிறிது காலம் விண்மீன்களைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால், பாதைக் கணிப்பு அவை பிரியத் தொடங்கிய நேரத்தையே காட்டுகிறது. ஆகவே இத்தகைய சில மில்லியன் ஆண்டு இடைவெளியைப் பிழையென்று தள்ளாமல் தனியே குறித்துவையுங்கள்.