தஞ்சாவூரில் பாட்டும் ஏடுமாக ஒரு காலை நடை நடத்துவது எப்படி

இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒலிபெருக்கி வேண்டாம், பாடுபவரின் குரல் கடைசியில் நிற்பவருக்கும் எட்ட வேண்டும். தொல்லியல் துறை, கோயில் நிர்வாகம் இரண்டிடமும் எழுத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அன்று காலை வாசலில் நின்று கேட்பது வீண்.

பெரிய கோயிலில் ஆறரைக்கே தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறினால் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, பாட்டில் மனம் நிற்காது.

எதைப் பாடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோயில் எழுந்தது 1010-இல். தேவார மூவர் அதற்கு முந்தியவர்கள். அவர்கள் பாட்டைத் தாராளமாகப் பாடலாம், ஆனால் இத்தலத்துப் பதிகம் என்று அறிவிக்கக் கூடாது. இராசராசேச்சரம் எனப்படும் இந்தக் கோயிலுக்கென்றே கருவூர்த்தேவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு பாட்டு போதும். ஒருவர் பதம் பிரித்து நிதானமாக வாசித்த பிறகு ஓதுவார் பாடட்டும். வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

பாட்டு முடிந்த கையோடு இக்கோயில் கல்வெட்டுச் செய்தியைச் சொல்லுங்கள்: திருப்பதியம் (தேவாரப் பதிகம்) பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் (குறுணி என்பது பழைய முகத்தல் அளவை). பாட்டுக்கு முன்னால் சொன்னால் அது வெறும் கணக்காகவே காதில் விழும்.

அடுத்தது மேலவீதி. பரதநாட்டிய ஆசான்களான நான்கு சகோதரர்கள், தஞ்சை நால்வர், வாழ்ந்த வீடு இங்கேதான். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி (1762–1827) வழிபட்ட பங்காரு காமாட்சி கோயிலும் இதே வீதியில். வீதியில் நின்று பாட வைக்காதீர்கள். வண்டிச் சத்தம் சுருதியை விழுங்கிவிடும். அனுமதி கேட்டு உள்ளே உட்காருங்கள். சியாமா சாஸ்திரியின் பைரவி ராகச் சுரஜதியை (சுரங்களுக்கே சொற்கள் அமைத்த உருப்படி) முழுதும் பாடினால் நேரம் போய்விடும். எட்டுச் சரணங்களின் தொடக்கத்தை மட்டும் வரிசையாகப் பாடச் சொல்லுங்கள்: சரணங்களின் தொடக்கச் சுரம் முதலாவதில் கீழ் 'ச'வாக இருந்து, படிப்படியாக ஏறி எட்டாவதில் மேல் 'ச'வைத் தொடும். இசை பயிலாதவருக்கும் அந்த ஏற்றம் காதில் விழும். இந்த நடையின் உச்சம் இதுதான் என்பது எங்கள் எண்ணம், ஆகவே இங்கே அவசரம் கூடாது.

கடைசியில் அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகம். விடுமுறை நாளையும் திறக்கும் நேரத்தையும் முதல்நாளே விசாரியுங்கள். காட்சிக்கூடம் சிறியது, பத்துப் பத்துப் பேராக அனுப்பினால் ஓலைச்சுவடியின் எழுத்தைக் கிட்டப் பார்க்கலாம்.

திருவையாற்றை இதே காலையில் நுழைக்காதீர்கள். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தியாகராசர் சமாதிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.