எலும்பு தேய்மானமா, எலும்புப்புரையா? வேலூர்ப் பக்க வீடுகளுக்கு ஒரு கையேடு

“எலும்பு தேஞ்சிருக்கு” என்ற ஒரே பேச்சில் இரண்டு நோய்களை அடக்கிவிடுகிறோம். முட்டி வலித்து, மாடிப்படி ஏற முடியாமல் போவது மூட்டுத் தேய்மானம். எலும்புப்புரை வேறு. முறியும்வரை அது வலிக்காது. கறையான் அரித்த உத்தரம் மாதிரி, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

உடம்பு பழைய எலும்பைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. ஏறக்குறைய 30 வயது வரை கட்டுவது மிஞ்சும். பிறகு கரைவது மெல்ல மிஞ்சும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால், அடுத்த 5 முதல் 10 வருடம் கரைசல் வேகமெடுக்கும். சினைப்பையையும் சேர்த்துக் கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு இது 40 வயதிலேயே தொடங்கலாம். ஆண்களுக்கும் வரும்; பத்து வருடம் தாமதமாக.

கேவுரு (கேழ்வரகு) தின்ற மண், வெயிலுக்குப் பேர்போன ஊர், இங்கே எப்படி என்று கேட்கலாம். குடியாத்தம், பேர்ணாம்பட்டு வீடுகளில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களையும், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் காலை முதல் மாலை வரை கூரைக்கடியில் நிற்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். வெயில் ஊருக்குத்தான் அடிக்கிறது, அவர்கள் தோலில் படுவதில்லை. கேவுரு இருந்த தட்டிலும் ரேஷன் அரிசி வந்து வெகுகாலம் ஆகிறது.

வீட்டிலேயே பார்க்க வேண்டியது

சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நிற்கவைத்து, பின்தலை சுவரைத் தொடுகிறதா பாருங்கள். தொடவில்லை என்றால் மேல்முதுகு வளைந்திருக்கிறது. பிறகு உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். இளவயது உயரத்தைவிட 4 செ.மீ., அல்லது ஒரே வருடத்தில் 2 செ.மீ. குறைந்திருந்தால், முதுகெலும்பு ஒன்று சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம். “வயசானா கூன் விழும்” என்று விட்டுவிடும் இடம் இதுதான்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தவர்கள், அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிந்த வரலாறு உள்ளவர்கள், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினம் 5 மி.கி.க்குக் குறையாமல் 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள், வலிப்பு மாத்திரை நெடுநாள் எடுப்பவர்கள் காத்திருக்கக் கூடாது. மூட்டுவலிக்கு என்று பேர் தெரியாத பொடியும் ஊசியும் போட்டவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

பரிசோதனைக்கு, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். இடுப்பு, கீழ்முதுகு இரண்டையும் எடுக்கவேண்டும். முந்தைய 24 மணி நேரம் கால்சியம் மாத்திரை வேண்டாம். டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் எண்) -1 வரை சரி, -1க்கும் -2.5க்கும் இடையில் அடர்த்திக் குறைவு, -2.5ஓ அதற்குக் கீழோ போனால் எலும்புப்புரை. முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் கருவி ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவே. அந்தச் சீட்டை நம்பி மருந்து தொடங்கவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது.

இந்தப் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் சில போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். ஃப்ளூரைடு ஏறிய எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், உறுதி இருக்காது. பல்லில் பழுப்புக் கறை, விறைத்த முதுகு இருந்தால், குடிக்கும் தண்ணீர் எது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டு பார்ப்பார்கள். குந்தி உட்கார்ந்தால் எழ முடியாமல், தொடையிலும் இடுப்பிலும் வலியோடு, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருந்தால் அது எலும்பு மிருதுவாகும் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வைட்டமின் டியும் கால்சியமும்தான். எலும்புப்புரை என்று நினைத்து, அந்த நோய்க்கு வருடம் ஒருமுறை போடும் ஊசியை நேராகப் போட்டால் ரத்தக் கால்சியம் ஆபத்தாக இறங்கும்.

தட்டும் வெயிலும்

நாளைக்கு 1,000 மி.கி. கால்சியம், மாதவிலக்கு நின்றவர்களுக்கு 1,200. 100 கிராம் கேவுரு மாவில் கிளறிய களியில் 340க்கு மேல், இரண்டு டம்ளராகப் பிரித்துக் குடித்த 300 மி.லி. பாலில் 350, ஒரு கிண்ணம் தயிரில் 200, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் 150, ஒரு மேசைக்கரண்டி கறுப்பு எள்ளில் 120. கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிட்டது. கேவுருவில் உள்ள ஃபைட்டேட் கால்சியத்தைப் பிடித்துவைக்கும். முளைகட்டி அரைத்தாலும், மாவை ராத்திரி புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சினாலும் அது குறையும். பசலையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதை உடம்பில் சேரவிடாது. நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு தின்றால் கால்சியம் கிடைக்கும், கூடவே உப்பும் ஏறும்; உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் போகும். பருப்பு, முட்டை, கொண்டைக்கடலை இல்லாமல் கால்சியத்தை மட்டும் கொட்டுவது கம்பியில்லாமல் தளம் போடுவது.

வெயிலுக்கு மணி பார்க்கவேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் வைட்டமின் டி நன்றாக உண்டாகும். மார்கழியில் அது ஏறக்குறைய பத்தரை மணி முதல் 2 மணி வரை. சித்திரை, வைகாசியில் ஒன்பதரைக்கெல்லாம் குட்டையாகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் ஆயாவை உச்சிவெயிலில் உட்காரவைக்க வேண்டியதே இல்லை. முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் படும்படி 20 முதல் 30 நிமிடம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை.

மாத்திரையில் நடக்கும் தவறுகள்

வைட்டமின் டி 60,000 யூனிட் பொடியோ குளிகையோ பெரும்பாலும் வாரம் ஒன்று, 8 வாரம். பிறகு மாதம் ஒன்று. இதைத் தினமும் போட்டுக்கொண்டு வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழப்பத்தோடு சிறுநீரகமும் பாதித்து வருபவர்கள் உண்டு. அட்டையிலேயே கிழமையை எழுதி வையுங்கள்.

கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. மாத்திரையில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். சாப்பாட்டோடு போடவேண்டும், ஒரே வேளையில் 500க்கு மேல் உடம்பு சரியாக எடுக்காது. தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி.

டி-ஸ்கோர் -2.5க்குக் கீழே போனவருக்கும், லேசாக விழுந்ததற்கே எலும்பு ஒருமுறை முறிந்தவருக்கும் கால்சியம் மட்டும் மருந்து ஆகாது. முதலில் எழுதுவது பெரும்பாலும் வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு. காபி, பால் கூடாது. பிறகு 30 நிமிடம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் நிமிர்ந்திருக்கவேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். காபியோடு போட்டால் உடம்பில் சேராமல் பணம்தான் வீண்.

அது முடியாதவர்களுக்கு ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி., வருடம் ஒருமுறை நரம்பில். முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம்; தண்ணீர் நிறையக் குடித்து, பாராசிட்டமால் போட்டால் அடங்கும். கிரியாட்டினினும் வைட்டமின் டியும் பார்க்காமல் போடக்கூடாது. டெனோசுமாப் 60 மி.கி. 6 மாதத்துக்கு ஒருமுறை தோலடியில். இதைச் சொல்லாமல் நிறுத்தினால் அடக்கிவைத்த கரைசல் பாய்ந்து, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கலாம். அடுத்த தேதியைக் காலண்டரில் எழுதிவிட்டே வீட்டுக்கு வாருங்கள்.

பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன்பே முடித்துவிடுங்கள். சில வருடம் மருந்து எடுத்தபின் தொடையிலோ கவட்டையிலோ மந்தமாக வலித்தால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அபூர்வமாகத் தொடை எலும்பில் விரிசல் விழும்.

விழாமல் இருக்க

கோட்டை அகழியைச் சுற்றி நடப்பது நல்லதுதான், தசைக்கு அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். அடுப்பு மேடையைப் பிடித்து 10 முறை குதிகாலைத் தூக்குங்கள். அங்கேயே ஒற்றைக்காலில் 10 விநாடி நில்லுங்கள். முதுகெலும்பு நசுங்கியவர்கள் முன்னால் குனியும் ஆசனங்களை விடவேண்டும். குட்டைச் சீமாறுக்குப் பதில் நீளக் கைப்பிடித் துடைப்பம், நிறைகுடத்துக்குப் பதில் அரைக்குடம், பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பதில் நடு சீட்டு. ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப்போடுவதே சிலருக்கு முதுகெலும்பு நசுங்கப் போதும்.

வீட்டுக்குள் மோசமான இடம் குளியலறை, அதுவும் எண்ணெய்க் குளியலன்று. சுவரில் பிடிகம்பி, தேய்ந்துபோகாத செருப்பு, ராத்திரி எழுந்துபோகும் வழியில் ஒரு சின்ன விளக்கு வேண்டும்.

விழுந்தவர் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு முறிந்திருக்கிறது. தைலம் தேய்க்காதீர்கள், நடக்கவைத்துப் பார்க்காதீர்கள், 108க்குச் சொல்லுங்கள். அந்த இடத்தை எந்தக் கட்டும் அசையாமல் பிடிக்காது, ஆகவே எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கு வண்டி பிடிக்கவேண்டாம். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் சளி, படுக்கைப்புண், ரத்தக்கட்டு நெருங்கும். முடிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடந்து, மறுநாளே எழுப்பி நிற்கவைக்கவேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வந்ததும் ஒருமுறை படியுங்கள். பிளேட் வைத்தது, தையல் பிரிக்கும் தேதி எல்லாம் இருக்கும். எலும்புப்புரைக்கான மருந்து பல சீட்டுகளில் இருக்காது. இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.