டர்பன் வகுப்பறைகளுக்கு நச்சாவி குறைந்த பலகையும் பெயின்ட்டும் தேர்ந்தெடுக்கும் முறை

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பள்ளிகளானாலும் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புகளானாலும், புதுப்பிக்கும் வேலைக்கு வசதியான காலம் டிசம்பர் விடுமுறைதான். ஆனால் பிள்ளைகள் திரும்பும் ஜனவரியில் வெக்கையும் ஈரப்பதமும் மிகுந்திருப்பதால், புதிய மேசைகளிலிருந்தும் அலமாரிகளிலிருந்தும் ஃபார்மால்டிஹைடு அப்போதே அதிகமாக வெளியேறுகிறது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்ட வாயு இது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே, கையிருப்புப் பணம் குறைவாக இருந்தால் பெயின்ட்டைவிடப் பலகையில் முதலில் கவனம் செலுத்துங்கள் என்பதே என் கருத்து. நல்ல காற்றோட்டம் இருந்தால் பெயின்ட்டின் ஆவி சில வாரங்களில் பெருமளவு தணிந்துவிடும். மரத்துகள் பலகையிலும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையிலும் உள்ள யூரியா ஃபார்மால்டிஹைடு பசையோ, ஈரமும் சூடும் படப்படச் சிதைந்து, ஆண்டுக்கணக்கில் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். இரும்புச் சட்டத்தில் சலிக்னா (ஒரு வகை யூகலிப்டஸ்) அல்லது பைன் மரத்தின் முழுப்பலகையைப் பொருத்திய மேசை கிடைக்குமானால், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்கலாம்.

செயற்கைப் பலகைதான் வாங்க வேண்டுமென்றால், ‘பசுமை’ என்ற விளம்பரச் சொல்லை நம்பாமல், அந்தப் பலகைக்கே உரிய சோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். பலகையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடுக்கான ஐரோப்பிய இ1 வகை குறைந்தபட்சத் தகுதி மட்டுமே; அதன் வரம்பு ஏறத்தாழ 0.1 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கலிஃபோர்னிய விதி பிளைவுட்டுக்கு 0.05, மரத்துகள் பலகைக்கு 0.09, எம்டிஎஃப்புக்கு 0.11 பிபிஎம் என வரையறுக்கிறது. அறிக்கை சரியாக இருந்தாலும் மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்: மேற்பரப்பில் லேமினேட் ஒட்டிவிட்டு, அடிப்பக்கத்தையும் விளிம்புகளையும் திருகுத் துளைகளையும் மூடாமல் விட்டிருந்தால், வாயு அவ்வழியே தாராளமாக வெளியேறும். வாடை இல்லை என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

பெயின்ட் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதாக இருக்கட்டும்; ஆவியாகும் கரிமப் பொருள் லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற விவரத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள். கடையில் சேர்க்கும் நிறக்கலவையால் அந்த அளவு கூடக்கூடும் என்பதால், கலந்தபின் எவ்வளவு என்றும் விசாரியுங்கள். தென்னாப்பிரிக்காவில் பெயின்ட்டில் ஈயத்துக்கு முதல் சட்ட வரம்பான 600 பிபிஎம் 2009இல்தான் வந்தது; எனவே பழைய சுவரை உலர்வாகத் தேய்க்கும் முன் ஈயச் சோதனை அவசியம். தரை ஒட்டும் பசைக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

பூச்சு வேலையை விடுமுறையின் முதல் வாரத்திலேயே முடித்து, மேசைகளின் உறைகளைப் பிரித்துக் காற்றோட்டமான கொட்டகையில் வைத்து, பள்ளி திறக்கும்வரை பகலில் ஜன்னல்களை எதிரெதிராகத் திறந்து வையுங்கள். ஈரத்தில் விளிம்பு உப்பிய பலகைகளை ஒவ்வொரு பருவ முடிவிலும் தேடிப்பார்த்து மாற்றிவிடுங்கள்.