குழந்தைக்கு ஐ.க்யூ. சோதனை: பெற்றோர் எப்படித் தயாராவது?

படிப்பிலும் பேச்சிலும் பின்தங்கும் குழந்தையை ஐ.க்யூ. சோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு மனநல மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போது, பெற்றோர் பலர் அதை ரத்தப் பரிசோதனை போல ஓர் எண்ணைப் பெற்று வரும் வேலையாகவே எண்ணுகின்றனர். உண்மையில் பெற்றோரிடம் கேட்டறிவதும், குழந்தையைக் கவனிப்பதும், சோதனையும் சேர்ந்ததே மதிப்பீடு.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். சரியாகக் கேட்காத குழந்தைக்குக் கிடைக்கும் மதிப்பெண் அதன் அறிவைக் காட்டாது. மதிப்பிடுபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர்தானா என்று கேட்பதில் தவறில்லை. பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த குறிப்பையும் பள்ளி நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். மதிப்பெண் அட்டையைவிட, எழுத்து எங்கே தடுமாறுகிறது என்பதைக் காட்டும் நோட்டே அதிகம் பயன்படும். வலிப்பு மாத்திரை உண்டென்றால், அன்று வழக்கம்போலவே கொடுங்கள். குழந்தை வீட்டில் எந்த மொழி பேசுகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பயிற்சி கொடுத்துக் கூட்டிச் செல்லக் கூடாது. சோதனை அறையில் உடனிருக்க நேர்ந்தால், "நேத்து சொன்னியே, சொல்லுடா" என்று தூண்டுவதும் கூடாது. செகுவின் பலகை என்னும் சோதனையில் 10 மரத்துண்டுகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்த மூன்று முறை வாய்ப்புண்டு. மூன்றில் மிகக் குறைந்த நேரமே கணக்கில் கொள்ளப்படும் என்பதால், முதல் முறை தடுமாறினாலும் பதற வேண்டியதில்லை.

வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் கேள்விகள் பெற்றோருக்கே வரும்: தானே சட்டைப் பொத்தான் போடுகிறதா, தானே சாப்பிடுகிறதா என்பன போன்றவை. "சொல்லிக் கொடுத்தால் செய்யும்" என்பது பதிலாகாது. நாள்தோறும் உள்ளபடி என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகக் குறைத்துச் சொல்வதும், கூச்சத்தால் கூட்டிச் சொல்வதும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. இரண்டுமே குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியைத் திசைமாற்றிவிடும்.

ஐ.க்யூ.வில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்கினர் ஏறத்தாழ 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். 70-க்குக் கீழ் வந்தாலும், அன்றாட வாழ்க்கைத் திறன்களும் குறைந்திருந்து, அக்குறை வளரும் பருவத்திலேயே தொடங்கியிருந்தால்தான் அறிவுசார் குறைபாடு என முடிவு செய்வர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பல சலுகைகளுக்கு அடிப்படையான 40 சதவீதக் குறைபாடு என்பது ஐ.க்யூ. 40 அல்ல, அது வேறு கணக்கு.

அறிக்கையை வாங்கும்போது, குழந்தை எதில் வலுவாக உள்ளது என்பதையும் விளக்கச் சொல்லுங்கள். சில மாதங்களிலேயே அதே சோதனையை மீண்டும் செய்தால் பழக்கத்தால் மதிப்பெண் கூடக்கூடும் என்பதால், வேறொருவரிடம் சென்றால் முந்தைய சோதனையின் பெயரையும் தேதியையும் தவறாமல் தெரிவியுங்கள்.